பனிப் பாலையில் புரண்ட டெலஸ்கோப்!

அடுப்பை அணைத்துவிட்டோம். தீ இல்லை, வெளிச்சமும் இல்லை. ஆனாலும் அருகே கையைக் கொண்டுபோனால் சூடு தெரிகிறது. அது எப்படி?

சூடான பொருள்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி வருகிறது. அதன் பெயர் அகச்சிவப்பு ஒளி. 1800-ம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானநூல் நிபுணர் இதைக் கண்டுபிடித்தார். சூரிய ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்து, அவற்றில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், எந்த நிறமும் இல்லாத இடத்தில் வைத்தார். அங்கேயும் சூடு ஏறியது!

வானத்திலிருந்தும் இந்த ஒளி வருகிறது. நட்சத்திரங்கள் தூசி மேகங்களுக்குள்ளே பிறக்கின்றன. அவற்றின் வெளிச்சத்தைத் தூசி மறைத்துவிடும். ஆனால் அந்த வெளிச்சம் பட்டுத் தூசி சூடாகும். அகச்சிவப்பு ஒளியை வீசும். அந்த ஒளியைப் பிடித்தால், நட்சத்திரங்கள் பிறக்கும் இடத்தை அறியலாம்.

பலூன் எதற்கு?

இதில் ஒரு தொல்லை உண்டு. நம் காற்றில் உள்ள நீராவி இந்த ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. ஆகவே டெலஸ்கோப்பை மிக உயரத்துக்குத் தூக்க வேண்டும். ராக்கெட்டுக்குச் செலவு அதிகம். ஹீலியம் வாயு நிரப்பிய ராட்சத பலூனுக்குச் செலவு குறைவு.

அப்படிப் பறந்ததுதான் 'பிளாஸ்ட்' என்ற டெலஸ்கோப். அதன் ஆடி சுமார் 2 மீட்டர் அகலம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து இதைச் செய்தார்கள்.

2006 டிசம்பரில், தென் துருவக் கண்டமான அண்டார்க்டிகாவில் பலூனைப் பறக்கவிட்டார்கள். அங்கே அது கோடைக்காலம். சூரியன் மறைவதே இல்லை. இரவுக் குளிர் இல்லாததால் பலூன் சுருங்கித் தாழவில்லை. சுமார் 38 கிலோமீட்டர் உயரத்தில் 11 நாட்கள் மிதந்தது. டெலஸ்கோப் வானத்தை அளந்து குறித்துக்கொண்டே வந்தது.

கழலாத பாரசூட்

வேலை முடிந்தது. பாரசூட்டில் டெலஸ்கோப் தரை இறங்கியது. உடனே பாரசூட் கழன்றுவிட வேண்டும். கழலவில்லை! காற்று அதைப் பாய்மரம்போல் விரித்தது. டெலஸ்கோப்பைப் பனியில் தரதரவென்று இழுத்துச் சென்றது. கொஞ்ச தூரமா? சுமார் 200 கிலோமீட்டர்! பல ஆண்டு உழைப்பு சுக்குநூறாகியது.

கருவி போனால் வேறு செய்துகொள்ளலாம். குறித்து வைத்த விவரங்கள் போனால்? விஞ்ஞானிகள் தவித்தார்கள். தேடியபோது, விவரங்கள் பதிந்த டிஸ்க்குகள் இருந்த பெட்டி கிடைத்தது. டிஸ்க்குகள் பிழைத்திருந்தன!

அவற்றை ஆராய்ந்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். வானம் முழுவதும் மங்கலாகப் பரவியிருக்கும் அகச்சிவப்பு ஒளி எங்கிருந்து வருகிறது? தூசி மூடிய, வெகு தொலைவில் உள்ள நட்சத்திர மண்டலங்களிலிருந்து வருகிறது என்று தெரிந்தது.

விஞ்ஞானிகள் அத்துடன் ஓயவில்லை. டெலஸ்கோப்பைத் திரும்பக் கட்டினார்கள். 2010-லும் 2012-லும் அதே அண்டார்க்டிகாவிலிருந்து மறுபடியும் பறக்கவிட்டார்கள்!