பழம் போதும், நடை வேண்டும்: வளர்ப்பு யானைகளின் உடல்பருமன்

தேனி மாவட்டத்து வைகை அணைப் பக்கம் விடிவதற்கு முன்பே நடைப்பயிற்சிக் கூட்டம் கிளம்பிவிடும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி என ஆளுக்கொரு காரணம் இருக்கும். "வாயைக் கட்டுங்க, தினமும் நடங்க" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருப்பார். கோயில் யானைகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஆனால் கோயில் யானையால் தானாகக் கிளம்பி நடக்க முடியாது. கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

போன சித்திரையில் அணைக்குப் பக்கத்து ஊர்த் திருவிழாவுக்கு லாரியில் ஒரு பெண் யானையைக் கொண்டுவந்திருந்தார்கள். பந்தலோரம் சங்கிலியில் நின்ற அது, உடம்பை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருந்தது. "யானை டான்ஸ் ஆடுது" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வாழைக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேரத்தில் அதன் வாய்க்குள் போன பழச் சீப்புகளை எண்ணினேன், பதினொன்று. சர்க்கரைப் பொங்கலும் வெல்லமும் தேங்காயும் தனி. முன்கால் நகம் ஒன்று நெடுக்காக வெடித்திருந்தது. பாகன் அதில் ஏதோ எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார். "கொழுகொழுன்னு என்ன லட்சணம்!" என்று கும்பிட்டார் ஒரு பாட்டி. அந்த லட்சணம்தான் நோயின் தொடக்கம்.

காட்டு யானையின் சாப்பாட்டுக் கணக்கு

வளர்ந்த யானை ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ பசுந்தீவனம் தின்னும். புல், மூங்கில், மரப்பட்டை, தழை என்று எல்லாமே நார். அதிலும் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியேறிவிடும். அதனால்தான் அது நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. நடந்துகொண்டே தின்பது, தின்றுகொண்டே நடப்பது என்பதுதான் அதன் இயல்பு.

யானையின் நடை எப்படிப்பட்டது என்று தேனிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்து, 2023 ஏப்ரல் கடைசியில் பெரியாறு காட்டில் விடப்பட்ட காட்டு யானை அரிக்கொம்பன், மேகமலைப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டு மே 27 அன்று கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றான். ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு தூரம் நடக்கப் பிறந்த உடம்பைத்தான் நாம் நாலு முழச் சங்கிலியில் கட்டிவைத்து, கையில் கிடைப்பதையெல்லாம் ஊட்டுகிறோம்.

எடை ஏன் கூடுகிறது?

முதல் காரணம் உணவு. பழுத்த வாழைப்பழம், வெல்லம், பொங்கல், சோறு எல்லாம் சர்க்கரையும் மாவுச்சத்தும் மிகுந்தவை, நார் குறைவு. இரண்டாவது, வேளைக்கு வேளை குவித்துப் போடுவது. தேடித் தின்ன வேண்டிய வேலையே யானைக்கு இல்லை. மூன்றாவது, ஒரே இடத்தில் நிற்பது. பல கோயில்களில் கொட்டிலிலிருந்து சந்நிதி வாசல்வரை போய்வருவதுதான் அன்றைய முழு நடை.

இது தமிழ்நாட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. வட அமெரிக்க உயிரியல் பூங்காக்களில் 240 யானைகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஆய்வில், 74 சதவீத யானைகள் அதிக எடையோ உடல்பருமனோ கொண்டிருந்தன. வாரத்துக்கு 14 மணி நேரமோ அதற்கு மேலோ நடைப்பயிற்சி தரப்பட்ட யானைகளுக்கும், இன்ன நேரம் என்று இல்லாமல் வெவ்வேறு நேரங்களில் தீவனம் கிடைத்த யானைகளுக்கும் எடை கூடும் ஆபத்து குறைவாக இருந்தது.

எடை கூடினால் என்ன ஆகும்?

முதலில் அடிபடுவது பாதம். மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை நான்கு பாதங்கள் தாங்குகின்றன. காட்டு மண்ணில் நடந்தால் பாதத் தோல் தானாகத் தேயும். சிமென்ட் தரையில், சாணத்திலும் மூத்திரத்திலும் நின்றால் நகம் வெடிக்கும். வெடிப்பில் சீழ் பிடிக்கும். அடுத்து மூட்டுகள் தேயும். மூட்டு வலித்தால் யானை படுக்கத் தயங்கும், நின்றபடியே தூங்கும். ஒருநாள் முடியாமல் படுத்தால் எழுந்திருக்க முடியாது. பூங்கா யானைகளின் சாவுக்கு முக்கியமான காரணங்களில் பாத நோயும் மூட்டு நோயும் உண்டு. பருத்த பெண் யானைகளுக்குச் சினைப்பருவச் சுழற்சியும் தடுமாறக்கூடும்.

அந்தத் திருவிழா யானைபோல் நின்ற இடத்தில் ஆடுவதும் நடனம் அல்ல. அடைபட்ட வாழ்க்கையின் மன அழுத்தம் அப்படி வெளிப்படுகிறது.

பார்த்தே கண்டுபிடிக்கலாம்

நல்ல உடல்வாகுள்ள யானைக்கு முதுகெலும்பு மேடு தெரியும். இடுப்பெலும்பு லேசாகப் புடைத்திருக்கும். முதுகு மெத்தைபோல் உருண்டு, எலும்பே தெரியாமல் இருந்தால் எடை கூடிவிட்டது என்று பொருள். விலா எலும்புகள் வரிவரியாகத் தெரிந்தால் அது பட்டினி. சரியான எடையை அறிய லாரி எடைமேடையே போதும்.

நெல்லை காந்திமதி சொன்ன பாடம்

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்கு எடை கூடி, மூட்டுவலியும் வந்தது. மருத்துவர்கள் உணவை மாற்றி, அன்றாட நடையைக் கட்டாயமாக்கினார்கள். ஆறே மாதத்தில் ஏறத்தாழ 150 கிலோ குறைந்தது. 2022இல் பக்தர்கள் 12,000 ரூபாய் செலவில் அவளுக்குத் தோல் செருப்பே செய்து கொடுத்தார்கள். வயது முதிர்ந்து, 2025 ஜனவரி 12 அன்று, 56 வயதில் அவள் இறந்தாள். யானையாலும் எடையைக் குறைக்க முடியும் என்று காட்டியவள் அவள். பக்தர்களின் அன்பு பழத்தைவிட நல்ல வழியில் போக முடியும் என்பதற்கு அந்தச் செருப்பு சாட்சி.

2003இல் முதுமலையில் தொடங்கி, பிறகு மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பவானிக் கரையில் நடந்த, கோயில் யானைகளுக்கான 48 நாள் புத்துணர்வு முகாமிலும் இதே வைத்தியம்தான்: காலையும் மாலையும் நடை, ஆற்றுக் குளியல், எடைக்கேற்ற தீவனம், மற்ற யானைகளின் துணை. முதுமலையின் தெப்பக்காட்டு வனத்துறை யானை முகாமில் ராகி, கொள்ளு, அரிசி, உப்பு, வெல்லம் எல்லாம் அளந்துதான் கவளம் உருட்டுகிறார்கள். மீதி வயிற்றை யானை காட்டில் மேய்ந்து நிரப்பிக்கொள்கிறது.

என்ன செய்ய வேண்டும்?

கோயில் நிர்வாகமும் யானை வளர்ப்பவர்களும்:

• வெயில் ஏறுமுன் காலையிலும், தார்ச்சாலைச் சூடு ஆறிய பின் மாலையிலும் தினமும் நடத்திச் செல்லுங்கள். மண் பாதை சிறந்தது.
• புல், சோளத்தட்டை, ஆல், அரசந்தழை, தென்னமட்டை, வாழைமரம் ஆகியவற்றைப் பல இடங்களில் பரப்பி, பல தடவையாகப் போடுங்கள்.
• கொட்டிலில் மண் அல்லது மணல் தரை வேண்டும். பாதத்தைத் தினமும் கழுவிப் பாருங்கள்.
• மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடையைக் குறைக்கத் திடீரெனப் பட்டினி போடாதீர்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் பட்டியலைப் பின்பற்றுங்கள்.
• பாகனுக்கு நல்ல சம்பளமும் ஓய்வும் கொடுங்கள். யானையின் வலியை முதலில் அறிபவர் அவர்தான்.

தமிழ்நாடு வளர்ப்பு யானைகள் மேலாண்மை, பராமரிப்பு விதிகள் 2011இலேயே வந்துவிட்டன. அவை ஏட்டோடு நின்றுவிடாமல் ஒவ்வொரு கொட்டிலுக்கும் வந்து சேர வேண்டும்.

பக்தர்கள்:

• கையால் பழமோ இனிப்போ பொங்கலோ கொடுக்காதீர்கள். கொடுக்க மனம் இருந்தால் ஒரு கட்டுப் பசும்புல்லை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.
• ஆசீர்வாதத்துக்காக மணிக்கணக்கில் நிற்கவைக்கச் சொல்லாதீர்கள்.
• ஊர்த் திருவிழாவுக்கு யானை வேண்டுமா என்று விழாக்குழுவில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

பிள்ளையாரின் முகத்தை யானையிடம் காண்பவர்கள் நாம். அந்த முகத்துக்குக் கீழே வலிக்கும் நான்கு கால்கள் இருக்கின்றன. அடுத்த சித்திரைக்குப் பழச் சீப்போடு போகும்போது அந்தக் கால்களை ஒருமுறை குனிந்து பாருங்கள். பார்த்துவிட்டு, சீப்பை வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.