ஆண்டாள் மாலையில் சம்பங்கி: விதை போடாமலே பெருகுவது எப்படி?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை, திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் மதுரை கள்ளழகருக்கும் ஆண்டுதோறும் போகிறது. அதில் செவ்வந்தி, மரிக்கொழுந்தோடு சம்பங்கியும் இருக்கும். பக்கத்தில் ராஜபாளையத்தில் கல்யாண மாலை கட்டினாலும் சம்பங்கி வேண்டும். ஆனால், தோட்டத்தில் இதற்கு விதை போடுவதில்லை. எல்லாம் கிழங்குதான். ஏன்?

லில்லிக்குச் சொந்தமா?

மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கி அசல் லில்லி அல்ல. நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். ஆனால், மண்ணுக்கடியில் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். தாய்க்கிழங்கைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகள் விடும். லில்லி இன்னும் ஒரு படி மேலே! அதன் கிழங்கிலிருந்து ஒரு செதிலை மட்டும் பிய்த்து ஈரத்தில் வைத்தாலும், அடிப்பக்கத்தில் குட்டிக் கிழங்கு முளைக்கும்.

யார் முடிவு செய்வது?

ஹார்மோன்கள்தான். நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை 'நீ பொறு' என்று அடக்கி வைக்கும். சைட்டோகைனின் அவற்றைக் கிளப்பிவிடும். நடுத்தண்டு பூத்து முடிந்தால் அடக்குமுறை தளரும். பக்கக் கிழங்குகள் வளரும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அடுத்த பூ குட்டிகளிடமிருந்துதான். பிய்த்த லில்லிச் செதிலிலும் ஆக்சின் அடியில் போய்ச் சேர்வதால்தான் அங்கே முளை வருகிறது.

இன்னும் இரண்டு பேர் உண்டு. அப்சிசிக் அமிலம் கிழங்கைத் தூங்க வைக்கும். ஜிப்ரலின் எழுப்பித் தண்டை நீட்டும்.

விவசாயிக்கு என்ன லாபம்?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைப்படி, தோண்டிய கிழங்கை 30 நாள் வைத்திருந்து, லிட்டருக்கு 5 கிராம் சி.சி.சி. கலந்த தண்ணீரில் நனைத்து நட வேண்டும். இந்த மருந்து, செடி ஜிப்ரலின் தயாரிப்பதைத் தடுக்கும். பிறகு 40 நாளிலிருந்து அதே ஜிப்ரலினை இலை மேல் தெளிக்கச் சொல்கிறார்கள். முரண்பாடாகத் தெரிகிறதா? ஒரே ஹார்மோன் எந்தக் கட்டத்தில் கூட வேண்டும், எப்போது குறைய வேண்டும் என்பதுதான் விஷயம்.

எங்கே சிக்கல்?

குட்டிக் கிழங்கு தாயின் அச்சு அசல் நகல். நல்ல பூ தரும் ரகம் மாறாமல் கிடைக்கும். கூடவே வேர்முடிச்சு நூற்புழு போன்ற தொல்லைகளும் கிழங்கோடு சேர்ந்தே புதுத் தோட்டத்துக்கு வந்துவிடும். ஒருமுறை நட்டால் இரண்டு, மூன்று வருடம் நிற்கும் பயிர் இது. தப்பான கிழங்கு வாங்கினால் அத்தனை நாளும் நஷ்டம்தான்.

அதனால், ஹார்மோன் வாங்குவதற்கு முன்னால் கிழங்கைப் பார்த்து வாங்க வேண்டும். 25 முதல் 30 கிராம் எடை, நோயில்லாத தோட்டம். இந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் மருந்துச் செலவுக்கு அர்த்தம் உண்டு.