உங்களுக்குத் தெரியுமா? எந்தப் பக்கமும் சேராதவர்கள்!

அழகர்மலையைத் தாண்டினால் நத்தம். 1755 மே மாதம் அங்குள்ள காட்டுக் கணவாயில் கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) ஒன்று வசமாக மாட்டிக்கொண்டது தெரியுமா? ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அப்போது தங்கள் சண்டையை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் ஆற்காட்டு நவாபுக்கு வரி வசூலித்துத் தருகிறேன் என்று கர்னல் ஹெரான் மதுரைப் பக்கம் படையோடு வந்தார். எந்த நவாபுக்கும் அடங்காத கள்ளர் நாட்டில் அவருடைய ஆட்கள் கோவில்குடிக் கோயிலுக்குள் புகுந்து, உலோகச் சிலைகளை மூட்டை கட்டினார்கள். (அந்தக் கோவில்குடி நம் திருமோகூர்தான் என்பது ஆய்வாளர் கருத்து.) 5,000 ரூபாய் கொடுத்தால் சாமியைத் திருப்பித் தருவதாகப் பேரம் வேறு! பணம் வரவில்லை. கணவாயில் ஆள்தான் வந்தது. ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டே கள்ளர்கள் பாய்ந்து சிலைகளை மீட்டதாகக் கும்பினியின் சொந்த வரலாற்றாசிரியர் ஆர்ம் எழுதி வைத்திருக்கிறார். ஹெரான் மீது ராணுவ விசாரணை நடந்து, வேலையும் போயிற்று.

★

ஊரான் சண்டையில் சேராமல் இருந்து காசு பார்த்த ஊரும் நம்மிடம் உண்டு. தரங்கம்பாடி! 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அமைத்த துறைமுகம் அது. 1778 முதல் 1783 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலில் அடித்துக்கொண்டபோது டென்மார்க் இருவரோடும் சேரவில்லை. டேனிஷ் கொடி பறக்கும் கப்பலை எளிதில் தொட முடியாது என்பதால் சரக்கெல்லாம் அதில் ஏறியது. இதில் வேடிக்கை என்னவென்றால், கும்பினியின் ஆங்கிலேய அதிகாரிகளே தாங்கள் இங்கே ‘சம்பாதித்த’ பணத்தை டேனிஷ் வணிகம் வழியாகச் சத்தமில்லாமல் ஐரோப்பாவுக்குக் கடத்தினார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமாக இருந்திருக்காது.

அதே காலத்தில் ஹைதர் அலியின் குதிரைப்படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அந்த ஹைதரே, ‘இந்தப் பாதிரியை மட்டும் தடுக்காதீர்கள்’ என்று தன் ஆட்களுக்கு உத்தரவு போட்டிருந்தார். அந்தப் பாதிரி, 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியர் சுவார்ட்ஸ். 1779-ல் கும்பினிக்காக ஸ்ரீரங்கப்பட்டினம் போய் ஹைதரிடம் பேசியவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

நடுநிலை டேனிஷ்காரர்களைக் கடைசிவரை காப்பாற்றவில்லை. 1807-ல் பிரிட்டன் கோபன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கியது. அடுத்த ஆண்டே தரங்கம்பாடியைப் பிடித்து 1815 வரை வைத்துக்கொண்டது. 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது.

★

இரண்டாம் உலகப் போரில் போர்ச்சுகல் நடுநிலை. ஆகவே அதன் கையிலிருந்த கோவாவும் நடுநிலை. பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் பயந்த மூன்று ஜெர்மன் கப்பல்களும் ஓர் இத்தாலியக் கப்பலும் மர்மகோவா துறைமுகத்தில் ஒதுங்கிக் கிடந்தன. 1943 மார்ச் 9 இரவு அவற்றுக்குக் கதை முடிந்தது. தாக்க வந்தவர்கள் யார் தெரியுமா? கல்கத்தாவில் ஆபீஸ் வேலையும் வியாபாரமும் பார்த்துக்கொண்டிருந்த, நடுவயது தாண்டிய வெள்ளைக்கார ‘பகுதிநேர’ வீரர்கள்! நடுநிலை மண்ணில் புகுந்த வெட்கத்தால் பிரிட்டன் பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் அதே துறைமுகத்தில் அமெரிக்காவும் ஜப்பானும் தங்களிடம் சிக்கியிருந்த பொதுமக்களைக் கப்பல் விட்டுக் கப்பல் மாற்றிக்கொண்டன. அதற்கு மட்டும் நடுநிலை தேவைப்பட்டது.

★

சுதந்திர இந்தியா நடுநிலை நாடாக நின்ற முதல் பெரிய போர், கொரியா. 1950 ஜூனில் வடகொரியாவின் படையெடுப்பைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்கு இந்தியா கை தூக்கியது. ஆனால் சண்டைக்கு ஆள் அனுப்ப மறுத்து, மருத்துவர்களை அனுப்பியது. 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ‘ஏ’ என்றால் ஆற்காடு.

அந்த டிசம்பரில் சீனப் படை நெருங்க, பியாங்யாங்கிலிருந்து எல்லாரும் ஓடினார்கள். ரங்கராஜின் பிரிவுக்கு லாரி கிடைக்கவில்லை. மருந்தையும் கருவிகளையும் விட்டுப்போக மனமும் இல்லை. அனாதையாக நின்ற நீராவி இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, நம் ஆட்களே ஓட்டிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படும் முன்னால் ஆற்றைக் கடந்துவிட்டார்கள். 1951 மார்ச்சில் ரங்கராஜும் சிலரும் அமெரிக்கப் படையோடு பாராசூட்டில் குதித்துக் காயம்பட்டவர்களைப் பார்த்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. போரில் சேராத நாட்டுக்காரருக்குப் போர்க்கள வீர விருது!

★

1953-ல் போர் நின்றதும் வந்தது இன்னொரு தலைவலி. ஊர் திரும்ப மறுத்த கைதிகள். ஐ.நா. தரப்பின் பிடியில் 22,604 பேர். எதிர்த்தரப்பின் பிடியில் 359 பேர். இவர்களைக் காவல் காக்க ஐந்து நாட்டு ஆணையம் அமைந்தது. தலைவர் ஜெனரல் திம்மய்யா. காவல் முழுக்க இந்தியப் படை. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ, ‘என் மண்ணில் ஓர் இந்தியனும் கால் வைக்கக் கூடாது’ என்று பிடிவாதமாக நின்றார். அதனால் இஞ்சோன் கடலில் நின்ற கப்பலிலிருந்து நம் வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, இரு தரப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் இறக்கினார்கள். அங்கே அவர்கள் போட்ட முகாமின் பெயர் ‘ஹிந்த் நகர்’.

இரு பக்கத்துத் திட்டும் நமக்குத்தான். தெற்கே ‘கம்யூனிஸ்ட் கைக்கூலி’ என்றார்கள்; வடக்கே ‘கைதிகளை மிரட்டும் ஏஜென்டுகளை அடக்கவில்லை’ என்றார்கள். கைதிகளே ஒருமுறை இந்திய மேஜர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். படைத் தலைவர் தோரட் கூண்டுக்குள் நேரே போய்ப் பேசி மீட்டார். என்னைக் கேட்டால், அந்த ஆண்டு அங்கே துப்பாக்கியைவிட அதிகம் வேலை செய்தது பொறுமைதான்.

★

கடைசியில் 88 பேர் ‘வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், நடுநிலை நாட்டுக்கே போகிறோம்’ என்றார்கள். 76 கொரியர்கள், 12 சீனர்கள். 1954 பிப்ரவரியில் ‘அஸ்தூரியாஸ்’ கப்பல் அவர்களை எங்கே கொண்டுவந்து இறக்கியது தெரியுமா? நம் சென்னைத் துறைமுகத்தில்! பிறகு பலர் பிரேசில், அர்ஜென்டினா என்று போனார்கள். சிலர் இந்தியாவிலேயே தொழில் தொடங்கித் தங்கிவிட்டார்கள். தென்கொரிய எழுத்தாளர் சோய் இன்-ஹுன் 1960-ல் எழுதிய ‘சதுக்கம்’ நாவலின் நாயகன் இப்படிக் கிளம்பி வந்த ஒருவன்தான். அவன் ஏறிய கப்பலுக்கு அவர் வைத்த பெயர் ‘தாகூர்’.

★

1953 ஜூலை 27-ல் கையெழுத்தானது போர்நிறுத்தம் மட்டுமே. சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை. அந்தப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நடுநிலை நாடுகள் என்று அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட சுவிட்சர்லாந்தும் சுவீடனும் தலா ஐந்து அதிகாரிகளை இன்றும் பன்முன்ஜோம் எல்லையில் வைத்திருக்கின்றன.