உங்களுக்குத் தெரியுமா? கிளியின் கால் முறிந்தால்...

கிளிக்குக் காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. அந்தக் காலாலேயே கிளையைப் பற்றும், ஏறும், தீனியைத் தூக்கி வாயில் வைக்கும். ஒரு கால் போனால் அதற்குப் பாதிப் பிழைப்பு போனதுபோல.

பறவை எலும்பு மெல்லியது. எளிதில் முறியும், சீக்கிரமும் கூடும். சரியாகக் கட்டினால் பெரும்பாலும் மூன்று வாரத்தில் ஒட்டிவிடும். சிறிய கிளிக்கு முறிந்த காலின் இருபுறமும் ஒட்டுநாடாவை வைத்து, காலோடு ஒட்டி இடுக்கியால் அழுத்தி, அதையே சிம்பாக்குகிறார்கள் மருத்துவர்கள். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையக் கூடாது.

வீட்டில் எண்ணெய், தைலம் தடவவே வேண்டாம். இறகு ஒட்டிப்போய் உடல் சூடு இறங்கிவிடும். பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தாதீர்கள். பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. முப்பது கிராம் லவ் பேர்ட்ஸ் உடம்பில் இருப்பதே சுமார் 3 மில்லி ரத்தம். கசிவு சிறிதென்றாலும் உடனே சுத்தமான துணியால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். தீனியிலும் கவனம் தேவை. வெறும் சூரியகாந்தி விதை தின்று வளரும் கிளிக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு பலவீனமாகும்.

ஒன்று முக்கியம். ஜவ்வாது மலைக் காடுகளில் பறக்கும் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த மலையிலுள்ள ஜமுனாமரத்தூர்ப் பக்கம் கால் ஒடிந்த கிளி கிடைத்தால், காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, அன்றே வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.