பட்டத்தில் விண் ஏன் கூவுகிறது?

மார்கழியில் வாடைக்காற்று ஒரு சீராக வீசத் தொடங்கியதும், உயர்தரம் படிக்கிற பெடியன் இருக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். "உவன் இந்த முறை சோதினை எடுக்கிறவன். பட்டத்தோடை நிண்டால் எப்பிடி?" என்று தாய் கேட்பார். தகப்பன் மூங்கில் சிலாகைகளைத் தூக்கிக் கோடிப்பக்கம் எறிவார். பெடியன் பேசாமல் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவான். அந்தத் தாய்தகப்பனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தேத்தண்ணியை ஊத்தி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். மகனின் கையில் இருப்பது என்னவென்று விளங்கினால் கோபம் பாதியாவது குறையும் என்று நம்புகிறேன்.

கணிதப் பிரிவில் படிக்கிற பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? காலை 7.30க்குப் பள்ளிக்கூடம், பின்னேரம் 1.30க்கு மணி. சாப்பிட்ட கையோடு சைக்கிளை எடுத்தால் ரியூசன். இணைந்த கணிதத்துக்கு ஓரிடம், பௌதிகவியலுக்கு இன்னோரிடம், இரசாயனவியலுக்கு மூன்றாவது இடம். மூன்று பாடமும் சேர்ந்து ஓர் இஸட் புள்ளியாக வரும். மொறட்டுவையா, பேராதனையா, யாழ்ப்பாணமா, எதுவுமே இல்லையா என்று அந்த ஒரு எண் முடிவு செய்யும். சனி ஞாயிறும் இதே ஓட்டம்தான். அவனுக்கென்று மிஞ்சுவது பொழுது படுவதற்கு முந்திய கொஞ்ச நேரம்.

முன்பெல்லாம் உயர்தரப் பரீட்சை ஆவணியில் வந்து போய்விடும். பட்டக் காலத்துக்கும் அதற்கும் தகராறு இல்லை. கொரோனாவுக்குப் பிறகு எல்லாம் குழம்பியது. 2023ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2024 ஜனவரியில் நடந்தது. தைப்பொங்கல் பரீட்சைக்கு நடுவில் வந்து விழுந்தது. பட்டக்காரருக்குத் தைப்பொங்கல் என்றால் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரை. முப்பரிமாணப் பட்டங்களும் இரவில் மின்குமிழ் பூட்டிய பட்டங்களும் போட்டிக்கு ஏறும் நாள் அது. அந்த நாளில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையைக் கதிரையில் பிடித்து இருத்தி வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று வடமராட்சிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி விண்ணுக்கு வருவோம்.

பட்டத்தின் தலைப்பக்கத்தில் குறுக்காகப் பூட்டும் வில்தான் விண். மூங்கிலிலோ கமுகிலோ ஒரு சிலாகை எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே கனமாகச் சீவி, வளைத்து, இரண்டு நுனியையும் இணைத்து ஒரு தட்டையான நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். முந்தியவர்கள் பனை மட்டையில் நார் உரித்து வழித்து எடுத்தார்கள். இப்போது கடைகளுக்குப் பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் நாடா. பெடியன் வேலை செய்யும்போது ஒரு தரம் பக்கத்தில் நின்று பாருங்கள். சீவிய சிலாகையை ஒற்றை விரலில் நடுவில் வைத்துப் பார்ப்பான். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் சீவுவான். சாய்வு இருந்தால் பட்டம் ஒருபக்கம் இழுபட்டுக் குத்தும் என்பது அவனுக்குத் தெரியும். திருப்பம் என்று பௌதிகவியலில் படித்ததை விரல் நுனியில் செய்துகொண்டிருக்கிறான். பிறகு நாடாவைக் கட்டி, வில்லின் நடுவைப் பிடித்து, காற்றுக்கு முகம் காட்டி ஒழுங்கையில் ஓடுவான். ஓடிவந்து நாடாவை அவிழ்த்து மறுபடி இறுக்குவான். சத்தம் சரியில்லை என்று அர்த்தம்.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? காற்று நாடாவில் அடிப்பதால் என்று சொல்லிவிடலாம். ஆனால் காற்று ஒரே பக்கமாக, ஒரே சீராக அல்லவா வீசுகிறது? சீராகத் தள்ளும் ஒன்று எப்படி நாடாவை முன்னும் பின்னும் ஆட்டும்? சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

நாடா தட்டையானது, மெல்லியது. காற்றில் அது ஒரு துளி திரும்பினால், காற்று அதன் முகத்தில் படும் கோணம் மாறும். தள்ளும் விசையும் மாறும். அந்த விசை நாடாவை ஒரு பக்கம் கொண்டுபோகும். இறுகக் கட்டிய நாடா அதை விடாது, திருப்பி இழுக்கும். திரும்பி வரும்போது கோணம் மறுபக்கம் மாறியிருக்கும். காற்று இப்போது அந்தப் பக்கம் தள்ளும். இப்படி நாடாவின் ஆட்டமே காற்றின் விசையை மாற்ற, மாறிய விசை ஆட்டத்தை வளர்க்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் காற்றிடமிருந்து கொஞ்சம் சக்தி நாடாவுக்குள் போகும். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதினோமே, அந்தப் பீப்பி சத்தமிட்டதும் இதே வழியில்தான். சீரான மூச்சை மெல்லிய இலை விளிம்பு அதிர்வாக மாற்றியது.

இதே சங்கதி ஒரு பாலத்தையே விழுத்தியிருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நெருக்குவாய்ப் பாலம் 1940 ஜூலையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் திகதி, மணிக்கு ஏறக்குறைய 64 கிலோமீற்றர் வேகக் காற்றில் முறுகி முறுகி ஆடி, உடைந்து நீருக்குள் விழுந்தது. புயல் காற்று அல்ல அது. நீண்டு மெலிந்த தளம் முறுகித் திரும்பிய ஒவ்வொரு தரமும் காற்று அதற்கு ஊட்டம் கொடுத்துக்கொண்டே இருந்தது. பெடியனின் நாடாவுக்கும் அந்தத் தளத்துக்கும் அளவில்தான் வித்தியாசம்.

நாடாவுக்குப் பதிலாக உருண்டையான நூலைக் கட்டினால் என்ன? சத்தம் வரும், ஆனால் விண் கூவாது. நூலைக் கடந்து போகும் காற்று அதன் பின்னால் மாறி மாறிச் சுழிகளைக் கழற்றிவிடும். செக் நாட்டு விஞ்ஞானி ஸ்ட்ரூஹால் 1878இல் இதற்கு ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்: காற்றின் வேகத்தை நூலின் தடிப்பால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால் மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பது, கிட்டத்தட்டக் கிடைக்கும். 1 மில்லிமீற்றர் நூல், செக்கனுக்கு 10 மீற்றர் காற்று என்றால் விடை 2,000. அது காதைக் கீறும் கீச்சு. காற்றுக் கூடினால் அதுவும் கூடும். விண்ணின் குரல் அப்படியல்ல. தன் நீளமும் இறுக்கமும் பாரமும் எந்தச் சுரத்தைக் கேட்கின்றனவோ பெரும்பாலும் அதிலேயே நிற்கும். காற்று உயிர் கொடுக்கிறது. சுரத்தைத் தீர்மானிப்பவன் வில் கட்டியவன்.

அந்தச் சுரத்தின் விதியை மெர்சேன் என்ற பிரெஞ்சுத் துறவி 1636இல் எழுதி வைத்தார். உயர்தரப் பௌதிகவியலின் மூன்றாம் அலகான 'அலைவுகளும் அலைகளும்' பகுதியில் அது வருகிறது. இழையின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரட்டிப்பாகும். இழுவையால் அதே இரட்டிப்பைப் பெற வேண்டுமானால் இழுவையை நான்கு மடங்காக்க வேண்டும். அதே நீளத்தில் நான்கு மடங்கு பாரமான இழையைப் போட்டால் மீடிறன் பாதியாகும். ஆய்வுகூடத்தில் சுரமானியில் கம்பியை இழுத்துக் கட்டி, இசைக்கவையை வைத்து, கம்பியில் கொழுவிய கடதாசித் துண்டு துள்ளி விழும் இடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சரிபார்ப்பது இதைத்தான். பரிவு வந்துவிட்டது என்று கொப்பியில் எழுதுவார்கள்.

இப்போது ஒழுங்கையில் ஓடிவந்த பெடியனைத் திரும்பவும் பாருங்கள். குரல் தடித்துக் கிடந்தால் நாடாவை வழித்து மெல்லியதாக்குகிறான்: பாரத்தைக் குறைக்கிறான். கீச்சிட்டால் நீண்ட வில்லுக்கு மாறுகிறான். கொஞ்சம் மட்டும் உயர வேண்டுமானால் வில்லை இன்னும் வளைத்துக் கட்டுகிறான். அவன் ஓர் இரகசியத்தையும் கண்டுபிடித்திருப்பான். இறுக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் குரல் அவன் நினைத்த அளவுக்கு ஏறாது, வில்தான் முறியும். நான்கு மடங்குக்கு இரண்டு மடங்குதான் என்ற வர்க்கமூலத்தை முறிந்த வில்லில் படித்த பிள்ளை பரீட்சை மண்டபத்தில் மறக்க மாட்டான். கிட்டத்தட்ட ஒரே குரலில் இரண்டு விண் பூட்டினால் இன்னொன்றும் கேட்கும். ஒன்று 60, மற்றது 63 என்று அதிர்ந்தால், செக்கனுக்கு மூன்று தரம் சத்தம் எழுந்து அடங்கும். புத்தகத்தில் அதன் பெயர் அடிப்பு.

இரவு முழுக்கப் பட்டத்தை வானில் விட்டு, நூலை மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கும் வழக்கமும் எங்கள் ஊர்களில் உண்டு, இராக்கொடி என்பார்கள். பகலில் கேளாத தூரத்துக்கு அதன் கூவல் இரவில் கேட்கும். ஊர் அடங்கியது ஒரு காரணம். இன்னொன்று, தெளிந்த இரவுகளில் நிலத்தோடு ஒட்டிய காற்று குளிர்ந்துவிடும், மேலே உள்ள காற்று சூடாக நிற்கும். ஒலி சூடான காற்றில் விரைவாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போவதால் அதன் பாதை நிலத்தை நோக்கி வளையும். பகலில் மேலே சிதறிப்போன சத்தம் இரவில் திரும்பி ஊருக்குள் இறங்குகிறது. ஒலியின் முறிவு என்று இதையும் அதே அலகில் படிக்கிறார்கள்.

வல்வெட்டித்துறையில் ஏன் இவ்வளவு பெரிய பட்டங்கள் ஏறுகின்றன? கரை வடக்கே கடலைப் பார்க்கிறது, வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. கடலில் பனையும் இல்லை, மதிலும் இல்லை. காற்று குழம்பாமல் வந்து சேர்கிறது. கரையில் நின்று ஏற்றும் பட்டம் ஊர்ப்பக்கமே போய் நிற்பதும் இதனால்தான். உள்ளூர் வளவுகளில் மரங்களுக்கு மேலே போகும்வரை பட்டம் தடுமாறும். காற்றை வாசிக்கத் தெரிந்த ஊரும்கூட அது. அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது.

அதே காற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கத்தில் பெரும் பட்டமொன்றைக் கயிற்றில் ஏற்றிய இளைஞர்களில் ஒருவரைப் பட்டம் வானத்துக்குத் தூக்கிச் சென்ற காணொளியை உலகமே பார்த்தது. அவர் உயிர் தப்பினார். நடந்தது கணக்குக்குள் அடங்கும் விஷயம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 18 கிலோமீற்றர் காற்றில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை அளவு தள்ளும். வேகம் 36 ஆனால் அது இரட்டிப்பாகாது, நான்கு மடங்காகி 6 கிலோ ஆகும். 12 அடிக்கு 9 அடிப் பட்டம் ஏறக்குறைய 10 சதுர மீற்றர். முழு முகத்தையும் காற்றுக்குக் காட்டினால் 15 கிலோவாக இழுத்தது 60 கிலோவாக இழுக்கும். ஒரு பெடியனின் எடை அவ்வளவுதான். காற்று ஒரு வீச்சுக்கு 54ஐத் தொட்டால் 135 கிலோ. ஆகவே தம்பிமாரே, பெரும் பட்டத்தின் கயிற்றை இடுப்பிலோ கையிலோ சுற்றாதேயுங்கோ. நிலத்தில் ஆழ இறுக்கிய கட்டையிலோ மரத்திலோ கட்டுங்கோ. மின்கம்பியில் சிக்கிய பட்டத்தைத் தடியால் எடுக்கப் போகாதேயுங்கோ, மின்சார சபைக்குச் சொல்லுங்கோ. தங்கூசி நூலை வீதிக்குக் குறுக்கே விடாதேயுங்கோ, மோட்டார் சைக்கிளில் வருபவரின் கழுத்து உயரத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. பலாலி விமான நிலையத்தை அண்டிய ஊர்களில் உயர ஏற்றவே வேண்டாம்.

பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பின்னேரப் பொழுதை அவனுக்கு விட்டுக்கொடுங்கள். மகளுக்கும் கொடுங்கள். வேம்படியிலும் சுண்டுக்குளியிலும் உடுவிலிலும் அதே மூன்றாம் அலகைப் படிக்கிற பிள்ளைகளின் கையில் நூல்கட்டையைக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. அது பிழை. வில் வளைக்கவும் முச்சை கட்டவும் தெரிந்த தகப்பன் மகனுக்குக் காட்டுவதை மகளுக்கும் காட்டட்டும்.

பௌதிகவியல் ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளையிடம் கட்டாயம் ஒரு விண் இருக்கும். அதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசை மின்விசிறியின் முன்னால் பிடித்துக் கூவ வையுங்கள். கைத்தொலைபேசியில் மீடிறன் காட்டும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. வில்லை இறுக்கி ஒரு தரம், தளர்த்தி ஒரு தரம், நாடாவை வழித்து ஒரு தரம் அளந்து வரைபு கீறச் சொல்லுங்கள். 40 நிமிடப் பாடவேளை ஒன்று போதும். மூன்றாம் அலகை மார்கழிக்கு வரும்படி ஒழுங்கு செய்தால் இன்னும் நல்லது. அப்போது மின்விசிறி தேவைப்படாது, மைதானத்துக்குப் போனாலே காற்று இருக்கும். இந்த வருடமே செய்து பாருங்கள்.