அரிவாளும் அருங்கத்தியும்

ஆனி ஆடித் திங்களிற் குற்றாலத்துச் சாரலை நாடி வருவோர் பலர். தென்காசிப் புறத்தேயுள்ள கொல்லுலைகளை எட்டிப் பார்ப்போர் மிகச் சிலர். சென்ற சாரற் காலத்தில், அருவியாடி மீளும் வழியில், நாம் மழைக்கு ஒதுங்கி அத்தகைய உலைக்களம் ஒன்றில் ஒரு நாழிகை தங்கியிருந்தோம். அங்குக் கண்டதும் பின்னர் நூல்களிற் கற்றதும் ஒன்றையொன்று விளக்கக் கண்டமையின், அவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அரிவாளுக்கு இரும்பு யாதெனில், லாரிகளிற் பாரந்தாங்கித் தேய்ந்து கழிந்த வில்பட்டையே. அதில் நூற்றுக்கு அரைப்பங்கிற்குச் சற்று மேலாகக் கரி கலந்திருப்பதால், அது தோய்ச்சலை ஏற்கும். ஆசாரியார் பட்டையைத் துண்டாக்கி, உலையிற் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து உருவாக்குகிறார். பின் காய்ந்த வாயை நீரில் தோய்த்தால் அது கடினமாகும். ஆயினும் கண்ணாடிபோல் உடையும் இயல்பும் பெறும். ஆகவே மீண்டும் இளஞ்சூடு காட்டி அந்நொறுங்குந் தன்மையைத் தணிக்கிறார். பாளை சீவுவோனுக்கு ஒரு வளைவு, விறகு வெட்டுவோனுக்கு வேறொரு கனம்; கேட்போன் கைக்கேற்ப ஒவ்வொன்றும் தனித்தனியே பிறக்கிறது.

நிற்க. அமெரிக்க நாட்டில் பாப் லவ்லெஸ் என்னும் கப்பற்றொழிலாளி, 1953-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்துக் கடையொன்றில் ராண்டல் என்பார் செய்த கத்தியைக் கேட்டார். ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டுமென்றனர். பொறாத அவர், 1937-ஆம் ஆண்டுப் பேக்கார்டு மோட்டார் வண்டியின் வில்பட்டையைப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து பெற்றுத் தாமே ஒரு கத்தி செய்துகொண்டார். பிற்காலத்தில் கலிபோர்னியாவிலுள்ள ரிவர்சைடு நகரில் அவர் செய்த கத்திகள், 2010-இல் அவர் மறைவதற்கு முன்னரே, சேகரிப்போரிடையே பல்லாயிரம் டாலருக்குக் கைமாறின.

இவ்விலையேற்றத்தின் காரணத்தை ஓர் உதாரணத்தால் அறியலாம். ஒருவர் ஆண்டுக்கு ஐம்பது கத்திகளே செய்ய வல்லவர், வேண்டுவோரோ இருநூற்றுவர். அவர் தம் உழைப்புக்கேற்ற விலையையே வைத்தாலும், கிடைக்கப் பெறாத நூற்றைம்பதின்மர் அதனினும் மிகுதியாகக் கொடுக்கக் காத்திருப்பர். முதலில் வாங்கினவர் மறுநாளே விற்பாராயின், அவர் விற்பது கத்தியை மட்டுமன்று. பிறர் காத்திருக்க வேண்டிய காலத்தையும் விற்கிறார். அந்த இலாபத்திற் செய்தவருக்கு ஒரு காசும் சேர்வதில்லை. இதனைத் தடுக்கச் சிலர் விலையை உயர்த்துவர்; சிலர் சீட்டுக் குலுக்கி விற்பர். இதில் விநோதம் யாதெனில், ஒருமுறையேனும் வெட்டாத கத்திக்கே விலை மிகுதி. தென்காசி அரிவாளோ தீட்டித் தீட்டித் தேய்ந்து நூலானபின்பே மதிப்பிழக்கிறது.

பட்டையும் ஒன்று, தீயும் ஒன்று. எனின் ஒன்று நூறுகளிலும் மற்றொன்று பல்லாயிரங்களிலும் விலைபோவானேன்? வேலைத்திறத்தில் வேற்றுமை உண்டெனினும், அதுவே முழுக்காரணமன்று. லவ்லெஸ் கத்தியில் அவர் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டுள்ளன. நாம் கண்ட அரிவாள்களில் ஒரு குறியும் இல்லை. இக்குறை நமக்குப் புதிதன்று. தென்னாட்டுக் கொல்லர் மண்குகையில் வடித்த உருக்கினை 1795-இல் பியர்சன் என்பார் லண்டன் அரசவைக் கழகத்தார்க்கு விளக்கினார். பின்னர்ப் பாரடேயும் அதனை ஆராய்ந்தார். அதனாலாகிய பழைய வாள்களின் அலைவரிக்கு வனேடியம் போன்ற பொருள்களின் நுண்கலப்பே காரணமென்று 1998-இல் வெர்ஹோவன் குழுவினர் எழுதினர். ஆராய்ந்தோர் பெயரெல்லாம் நிலைத்தன. வடித்தோர் பெயர் ஒன்றேனும் நமக்கு எட்டவில்லை.

2021-ஆம் ஆண்டில் தமிழகக் காவல்துறையினர், அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைப் பட்டறைகள் எழுதிவைக்கப் பணித்தனர். கொலைக்குதவும் கருவியாதலின் அவ்வெச்சரிக்கை வேண்டுவதே. ஆயினும், “வாங்குகிறவர் பேரைத்தான் கேட்கிறார்கள், தம்பி, அடித்தவன் பேரை ஒருவரும் கேட்டதில்லை” என்றார் ஆசாரியார். அவர் மகன் லாரி ஓட்டச் சென்றுவிட்டார். அவ்வுலைக்கு அடுத்த ஆள் இல்லை.

அலமாரியில் உறங்கும் கத்தி செய்து ஆயிரங்களைத் தேடுக என்று நாம் கூறவில்லை. உழைப்பவன் கையிலிருப்பதே அரிவாளுக்கு அழகு. ஆயினும், காம்பருகே உளியால் இரண்டெழுத்தும் ஆண்டும் வெட்டுவதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. நல்ல அரிவாளைக் கண்டவன் அதே உலையைத் தேடி வர அது வழிகாட்டும். நியாய விலை கேட்க அவருக்கும் அது துணையாகும். விடைபெறுமுன் இதனை அவரிடம் சொன்னோம். அவர் நகைத்து, ஆறிக்கிடந்த ஓர் அரிவாளைத் திருப்பி, அதன் காம்பைச் சற்றுநேரம் நோக்கியிருந்தார்.