மின் கட்டணப் படிகளும் சமையல் எரிவாயுவும்: வீட்டுச் செலவைக் கணக்குப் பார்த்துக் குறைக்கலாம்

உரத்துக்கும் விதைக்கும் ஆகும் செலவை விவசாயிகள் கணக்கு எழுதி வைக்கிறார்கள். வீட்டுக்குள் ஆகும் மின்சாரச் செலவையும் சமையல் எரிவாயுச் செலவையும் பெரும்பாலோர் அவ்வாறு பார்ப்பதில்லை. இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை மின் கட்டணம் வந்ததும் கட்டுகிறார்கள். சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்ததற்குப் பதிவு செய்கிறார்கள். கட்டணம் எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், உபயோகத்தை அதிகம் குறைக்காமலேயே ஆண்டுக்குக் கணிசமான தொகையை மிச்சப்படுத்தலாம்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் வீட்டுக்கு மின்சாரமும் எரிவாயுவும் தரும் கம்பெனியையே மக்கள் மாற்றிக்கொள்ள முடியும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின் விநியோகம் செய்வது அரசு நிறுவனம்தான். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். ஆகவே இங்கு கம்பெனியை மாற்ற இயலாது. ஆனால் எந்தக் கட்டணப் படியில் நிற்பது, எந்த வேலைக்கு எந்த எரிபொருளைப் பயன்படுத்துவது என்பவை வீட்டுக்காரர் கையில் உள்ளன.

500 யூனிட் என்ற வரம்பு

1000 வாட் சக்தியுள்ள கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாத உபயோகத்தைச் சேர்த்துக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தில், அரசு மானியம் போக வீட்டுக்காரர் செலுத்த வேண்டியது பின்வருமாறு அமைந்தது.

மொத்த உபயோகம் 500 யூனிட்டுக்குள் இருந்தால்:
1 முதல் 100 வரை: இலவசம்
101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ. 2.35
201 முதல் 400 வரை: ரூ. 4.70
401 முதல் 500 வரை: ரூ. 6.30

500 யூனிட்டைத் தாண்டிவிட்டால்:
1 முதல் 100 வரை: இலவசம்
101 முதல் 400 வரை: ரூ. 4.70
401 முதல் 500 வரை: ரூ. 6.30
501 முதல் 600 வரை: ரூ. 8.40
601 முதல் 800 வரை: ரூ. 9.45
அதற்கு மேலும் உயர்ந்துகொண்டே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 500ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்த ரூ. 2.35 என்ற சலுகையும் போய்விடுகிறது. 500 யூனிட் செலவழித்த வீட்டுக்குக் கட்டணம் ரூ. 1,805. 510 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ. 2,124. பத்து யூனிட்டுக்காக ரூ. 319 கூடுதல். அதாவது அந்தப் பத்து யூனிட்டுகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 32 ரூபாய்க்கு வாங்கியதாகிறது.

ஆகவே 500ஐ ஒட்டிச் செல்லும் வீடுகள் மீட்டரைத் தாமே பார்த்துக்கொள்வது அவசியம். கணக்கெடுப்பாளர் வந்து குறித்த நாளையும் அளவையும் மின் அட்டையில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து 45-வது நாள் மீட்டரில் உள்ள எண்ணில் பழைய எண்ணைக் கழித்துப் பார்க்க வேண்டும். விடை 375க்கு மேல் இருந்தால், அதே வேகத்தில் போனால் 60 நாளில் 500ஐத் தாண்டும் என்று பொருள். மீதி 15 நாட்களுக்குச் சிக்கனம் பிடித்தால் போதும்.

யூனிட் எங்கே போகிறது?

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 45 யூனிட். இப்போது கிடைக்கும் சிக்கன வகை விசிறிகள் 28 வாட் அளவே இழுக்கின்றன. அதே உபயோகத்துக்கு 17 யூனிட் போதும். இரண்டு விசிறிகளை மாற்றினால் 56 யூனிட் குறையும்.

வெந்நீர் இன்னும் பெரிய செலவு. ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரைக் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 0.4 யூனிட் ஆகும். ஐந்து பேருக்கு நாளுக்கு 2 யூனிட். இரண்டு மாதத்தில் 120 யூனிட். தென்னை மட்டை, பன்னாடை, கொட்டாங்கச்சி, பருத்தி மார் ஆகியவை தோட்டத்தில் வீணாகக் கிடக்கும்போது மின்சாரத்தில் வெந்நீர் போடுவது தேவையற்றது. விறகில் எரியும் வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். புகையும் வீட்டுக்குள் வராது.

வீட்டுத் தொட்டிக்கு நீர் ஏற்றும் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட் எடுக்கும். தொட்டி நிரம்பி வழிவதைக் கவனியாமல் விட்டால் அதுவும் கட்டணத்தில் சேரும். ஒரு மிதவைச் சுவிட்சு அந்த நஷ்டத்தைத் தடுக்கும்.

சிலிண்டரா, மின் அடுப்பா?

இண்டக்ஷன் அடுப்பு வாங்கலாமா என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள். மின்சாரம் மலிவு என்றும், சிலிண்டர்தான் மலிவு என்றும் இரு விதமாகவும் சொல்லக் கேட்கலாம். இரண்டும் சரி, இரண்டும் தவறு. அந்த வீடு எந்தக் கட்டணப் படியில் நிற்கிறது என்பதே முடிவு செய்கிறது.

14.2 கிலோ எடையுள்ள வாயுவில் அடங்கிய வெப்பம் சுமார் 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எரிவாயு அடுப்பில் அதில் ஏறக்குறைய 65 சதவீதமே பாத்திரத்துக்குச் சேர்கிறது. இண்டக்ஷன் அடுப்பில் சுமார் 85 சதவீதம் சேர்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையைச் சுமார் 140 யூனிட் மின்சாரம் செய்யும். சுருள் கம்பி உள்ள சாதாரண மின் அடுப்புக்கு 165 யூனிட் வரை தேவைப்படும்.

எனவே எளிய கணக்கு இது: சிலிண்டர் விலையை 140ஆல் வகுக்க வேண்டும். வரும் தொகையைவிட, கூடுதலாகச் செலவழிக்கப் போகும் யூனிட்டின் விலை குறைவாக இருந்தால் மின் அடுப்பு லாபம். அதிகமாக இருந்தால் சிலிண்டரே லாபம்.

2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டு உபயோக சிலிண்டரின் விலை ரூ. 868.50. இதை 140ஆல் வகுத்தால் ரூ. 6.20. ஆக, 400 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ரூ. 4.70 மின்சாரம் லாபம். 401 முதல் 500 வரை இரண்டும் ஏறக்குறைய சமம். 500ஐத் தாண்டினால் மின் அடுப்பு நஷ்டம்.

மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம். மூன்றிலும் ஒரு சிலிண்டர் 40 நாட்கள் வருகிறது; அதாவது இரண்டு மாதத்துக்கு ஒன்றரை சிலிண்டர், செலவு சுமார் ரூ. 1,303.

முதல் வீட்டில் மின் உபயோகம் 240 யூனிட், கட்டணம் ரூ. 423. சமையல் முழுவதையும் மின் அடுப்புக்கு மாற்றினால் 210 யூனிட் கூடி 450 ஆகும், கட்டணம் ரூ. 1,490. கூடுதல் ரூ. 1,067. சிலிண்டர் செலவோடு ஒப்பிட்டால் சுமார் ரூ. 236 மிச்சம்.

இரண்டாவது வீட்டில் 340 யூனிட், கட்டணம் ரூ. 893. முழுவதையும் மாற்றினால் 550 யூனிட், கட்டணம் ரூ. 2,460. கூடுதல் ரூ. 1,567. மிச்சத்துக்குப் பதில் ரூ. 264 நஷ்டம்.

மூன்றாவது வீட்டிலும் அதே 340 யூனிட்தான். ஆனால் பாதிச் சமையலை மட்டும் மாற்றுகிறார்கள். உபயோகம் 445 யூனிட்டோடு நிற்கிறது. கட்டணம் சுமார் ரூ. 1,459. கூடுதல் ரூ. 566, மிச்சமாகும் முக்கால் சிலிண்டரின் விலை ரூ. 651. சுமார் ரூ. 85 லாபம். ஒரே உபயோகம் உள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு லாபமும் மற்றொன்றுக்கு நஷ்டமும் வருவது இவ்வாறுதான்.

2016ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்றவர்கள் கணக்கை வேறு விதமாகப் போட வேண்டும். 2023 அக்டோபரில் அவர்களுக்குச் சிலிண்டருக்கு ரூ. 300 மானியம் என்று அறிவிக்கப்பட்டது. மானியத்தைக் கழித்தால் மேற்சொன்ன விலையில் சிலிண்டர் ரூ. 568.50; 140ஆல் வகுத்தால் ரூ. 4.06. ரூ. 4.70 மின்சாரத்தைவிட அது மலிவு. மானியம் கிடைக்கும் சிலிண்டர்கள் தீரும் வரை அந்த வீடுகள் சிலிண்டரை விட்டுப் போக வேண்டியதில்லை.

மின் அடுப்பு வாங்குபவர்கள் அடுப்பின் விலையையும் பாத்திரத்தின் விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இண்டக்ஷன் அடுப்பில் அடி தட்டையான இரும்பு, அல்லது காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரங்களே சூடாகும். சாதாரண அலுமினியம், பித்தளை, மண் பாத்திரங்கள் உதவா. தனித் தடித்த கம்பியும், 16 ஆம்பியர் பிளக்கும், சரியான எர்த் இணைப்பும் அவசியம்.

சிலிண்டர் வாங்குவதில் கவனிக்க வேண்டியவை

பொதுத்துறைக் கம்பெனிகள் மூன்றிலும் ஒரே ஊரில் வீட்டு சிலிண்டர் விலை ஒன்றே. எனவே கம்பெனியை மாற்றுவதால் விலை குறையாது. ஆனால் சிலிண்டர் தாமதமாக வருகிறது, வீடு வரை கொண்டுவருவதில்லை என்ற குறை இருந்தால் விநியோகஸ்தரை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. அருகில் உள்ள வேறு விநியோகஸ்தருக்கோ, வேறு கம்பெனிக்கோ மாறும் திட்டம் 2013-14ல் கொண்டுவரப்பட்டது.

சிலிண்டர் வந்ததும் எடை போட்டு வாங்க வேண்டும். வெற்று சிலிண்டரின் எடை அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். அதனுடன் 14.2ஐக் கூட்டினால் வரும் எடை இருக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தாலும் மேலே கண்ட விலையில் 61 ரூபாய் நஷ்டம். ஒன்றிரண்டு பேர் மட்டும் உள்ள வீடுகளுக்கும், ஒரே தடவையில் முழுத் தொகை கொடுக்க முடியாதவர்களுக்கும் 5 கிலோ சிலிண்டர் உண்டு.

மாடு உள்ள வீட்டுக்குச் சாண எரிவாயு

கறவை மாடு வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கிலிருந்து பெரும்பாலும் விடுபடலாம். 25 கிலோ சாணம் சுமார் ஒரு கன மீட்டர் வாயு தரும். ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் இடும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு 0.43 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். 40 நாளுக்கு ஒரு சிலிண்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு நாளுக்கு 0.36 கிலோ போதும். ஆகவே இரண்டு மூன்று மாடுகளும் ஒரு கன மீட்டர் கலனும் இருந்தால் அந்தக் குடும்பத்தின் சமையல் நடந்துவிடும்.

தினமும் சாணத்தை அதே அளவு நீருடன் கரைத்து விடத் தவறக் கூடாது. கலன் வெயில் படும் இடத்தில், அடுப்படிக்கு அருகில் அமைய வேண்டும். மார்கழி, தை மாதங்களில் வாயு உற்பத்தி குறையும். அப்போதைக்கு ஒரு சிலிண்டரைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது. வெளிவரும் சாணக் கழிவில் சத்து வீணாவதில்லை. அதை மக்கு உரக்குழியில் சேர்த்து நிலத்துக்கு இடலாம். எரிவாயு மிச்சத்தோடு உரச் செலவும் குறைவது இந்த முறையில் மட்டுமே.

பம்பு செட் இணைப்பை வீட்டுக்கு இழுக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்பு செட் மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்களில் சிலர் கிணற்றடியிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்கு இழுத்துவிடுகிறார்கள். இது மிச்சம் போலத் தோன்றினாலும் பெரிய ஆபத்து. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் பயன்படுத்தினால், உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு விதிக்கப்படும். எப்போது முதல் என்று தெரியாவிட்டால் ஓராண்டுக்குக் கணக்கிடப்படும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுப்பதும் இவ்வாறே. கடை நடத்துவோர் அதற்கெனத் தனி இணைப்புப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

100 யூனிட் சலுகையை இரு முறை பெறுவதற்காக, ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைப்பதும் ஏற்கப்படுவதில்லை. ஆனால் பாகம் பிரிந்து, தனி வாசலும் தனி அடுப்புமாக வாழும் அண்ணன் தம்பிகள் ஒரே மீட்டரில் தொடர்ந்தால் 500 யூனிட்டைத் தாண்டி இருவருமே நஷ்டப்படுகிறார்கள். அத்தகையவர்கள் பாகப் பத்திரத்துடனும் வீட்டு வரி ரசீதுடனும் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தனி இணைப்புப் பெறுவது முறை.

கட்டணமும் மானியமும் சிலிண்டர் விலையும் அவ்வப்போது மாறும். மாறும்போது புதிய எண்களைப் போட்டுப் பார்க்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது. கடைசி மூன்று மின் கட்டண அளவுகளையும், ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்ட பின்பே புதிய அடுப்போ கலனோ வாங்குவது பற்றி முடிவு செய்ய வேண்டும்.